கோடை விடுமுறையில் வளர்ந்த மானிடவியல்: அமெரிக்கத் தென்மேற்கின் களப்பயிற்சி வகுப்புகள்

1907ஆம் ஆண்டுக் கோடையில் ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர் மூவர் கொலராடோ, யூட்டா எல்லையோரப் பாறை நிலத்துக்கு வந்து சேர்ந்தனர். அவர்களை வரவழைத்தவர் எட்கர் ஹியூவெட். முந்தைய ஆண்டு இயற்றப்பட்ட அமெரிக்கத் தொல்பொருள் சட்டத்துக்காகப் பாடுபட்டவர். சுற்றுவட்டார இடிபாடுகளை அளந்து வரைபடமாக்குங்கள் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். சில வாரங்கள் கழித்துத்தான் திரும்பினார். அந்த மூவரில் ஆல்ஃபிரட் கிடர் தென்மேற்குத் தொல்லியலுக்கு அடித்தளமிட்டார். சில்வேனஸ் மார்லி மாயா ஆய்வில் பெயர் பெற்றார். ஜான் கூல்ட் ஃபிளெட்சர் கவிஞரானார்.

மானிடவியலின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கோட்பாடுகளையும் அவற்றை வகுத்த அறிஞர்களையும் பற்றியே எழுதுகிறார்கள். கோடைக்கால வகுப்பு அவர்களுக்கு வெறும் பயிற்சி. இக்கட்டுரையின் வாதம் வேறு: எதைக் கேட்கலாம், எதைப் பார்க்கலாம், யாருக்காக எழுதலாம் என்பதையெல்லாம் அந்த வகுப்புகளே பெருமளவு தீர்மானித்தன.

1907இல் தனி ஒருவரின் துணிச்சலாக இருந்தது, 1929இல் நிறுவன ஏற்பாடாயிற்று. ராக்ஃபெல்லர் நிதியில் சாந்தா ஃபேயில் உருவான மானிடவியல் ஆய்வகம் அந்தக் கோடையில் மாணவர்களை மூன்று குழுக்களாக அனுப்பியது. கிடர் தலைமையில் ஒரு குழு பெகோஸ் என்னும் பழங்குடி ஊரின் இடிபாடுகளில் நடந்த அகழாய்வுக்குப் போனது. எட்வர்ட் சபீருடன் சென்றவர்கள் நவஹோ மொழியைக் கற்றார்கள். ஆல்ஃபிரட் குரோபரின் குழு அரிசோனாவின் வாலபாய் மக்களிடம் சென்றது. அக்குழுவின் மாணவர் ஐவர் திரட்டிய குறிப்புகளைக் குரோபர் தொகுத்தார். 1935இல் அவை வாலபாய் இனவரைவியல் நூலாக வெளிவந்தன. ஒரு கோடையில் மாணவர்கள் சேகரித்த செய்திகள் ஒரு மக்களைப் பற்றிய மேற்கோள் நூலாகிவிட்டன. இதன் கனம் இன்றுவரை சரியாக மதிப்பிடப்படவில்லை என்பது என் கருத்து.

ஏனெனில் பல்கலைக்கழகம் மாணவனை விடுவித்த மாதங்கள் வேறு, அந்த மண்ணின் சடங்குகள் நிறைந்த மாதங்கள் வேறு. சூனி ஊரின் ஷாலாகோ விழா குளிர்காலத் தொடக்கத்தில் நடக்கிறது. நவஹோ மக்களின் இரவுச் சடங்கு முதல் உறைபனி விழுந்த பிறகே நடக்கும். கயோட்டி என்னும் ஓநாயினத்துக் கதைகளைக் குளிர்காலத்தில் மட்டுமே சொல்ல வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். பாம்புகளும் இடியும் உறங்கும் காலம் அது. ஜூலையில் நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்காரும் மாணவனுக்கு அக்கதையைச் சொல்ல வேண்டுமானால் முதியவர் தம் வழக்கத்தை மீறியாக வேண்டும். மீறாவிட்டால் அந்தப் பக்கம் காலியாகவே இருக்கும். எப்படியானாலும் பதிவில் கோடையின் சாயல் படிகிறது. நூலிலோ அது ஆண்டு முழுமைக்குமான வாழ்க்கையாக, எப்போதும் நிகழ்காலத்தில், எழுதப்படுகிறது.

1931இல் ரூத் பெனடிக்ட் நடத்திய குழு மெஸ்கலெரோ அப்பாச்சி மக்களிடம் சென்றது. அதில் மோரிஸ் ஓப்லரும் சோல் டாக்ஸும் மாணவர்களாக இருந்தனர். ஓப்லர் அப்பாச்சி வாழ்வைப் பதிவுசெய்வதிலேயே நிலைத்துவிட்டார். டாக்ஸின் பாதை திரும்பியது. 1948இல் சிகாகோ பல்கலைக்கழக ஆசிரியராக அவர் தம் மாணவர்களை ஐயோவா மாநிலத்தின் டாமா அருகே வாழும் மெஸ்குவாக்கி மக்களிடம் கோடைப் பயிற்சிக்கு அனுப்பினார். அந்த மக்கள் 1857 முதல் தாங்களே விலை கொடுத்து வாங்கிய நிலத்தில் வாழ்பவர்கள். குறிப்பெடுக்கப் போன மாணவர்கள், அங்குள்ள சிக்கல்களைக் கண்டபின், இவர்களுக்கு உதவியாக ஏதாவது செய்யலாமா என்று கேட்டார்கள். பாடத்திட்டத்தில் இடமே இல்லாத கேள்வி அது. அதிலிருந்துதான் டாக்ஸ் செயல் மானிடவியல் என்ற போக்கை வளர்த்தெடுத்தார். கைவினைத் தொழில் முயற்சியும் இளைஞர்களுக்கான கல்வி உதவித்தொகையும் தொடர்ந்தன. 1959 வரை திட்டம் நடந்தது. அது சாதித்ததைவிட எழுப்பிய கேள்வியே பெரிது. ஆசிரியர்களிடம் எழாத கேள்வி மாணவர்களிடம் எழுந்தது என்பதை நான் தற்செயல் என்று கருதவில்லை. ஆய்வேட்டுக்குத் தலைப்பு அமையும் முன்பே, மக்களோடு பழகக் கிடைத்த வாரங்களின் விளைவு அது.

கேள்வி எழாத இடத்தில் என்ன ஆனது என்பதற்குப் பெகோஸ் சான்று. அந்த ஊர்மக்களில் எஞ்சியிருந்த சிலர் 1838இல் ஹெமெஸ் ஊருக்குக் குடிபெயர்ந்திருந்தனர். 1915 முதல் 1929 வரை கிடர் தோண்டியபோது வெளிப்பட்ட எலும்புகள் நாட்டின் கிழக்குப் பகுதிக்குக் கொண்டு செல்லப்பட்டன. முன்னோரின் எச்சங்களுக்குப் பழங்குடி மக்கள் உரிமை கோர வழிசெய்யும் சட்டம் 1990இல் வந்தது. 1999 மே மாதம் ஏறத்தாழ 2,000 பேரின் எச்சங்களை ஹெமெஸ் மக்கள் மீட்டுவந்து பெகோஸிலேயே அடக்கம் செய்தனர். பயிற்சிக் களம் என்று பல்கலைக்கழகங்கள் அழைத்த இடம் அவர்களுக்கு இடுகாடு.

பழைய இனவரைவியல் நூல்களை மேற்கோள் காட்டும் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: நூல் வெளியான ஆண்டோடு நின்றுவிடாமல், குறிப்பெடுத்தவர் அந்த ஊரில் எந்த மாதங்களில் இருந்தார் என்பதையும் தேடிப் பதிவுசெய்யுங்கள்.