தகவல் தனியுரிமைப் பண்பாடு

மக்கள் நம்பி ஒப்படைத்த விவரங்களை ஒரு நிறுவனத்தின் ஊழியர்கள் அன்றாடம் எப்படிக் கையாளுகிறார்கள் என்பதே அந்நிறுவனத்தின் தகவல் தனியுரிமைப் பண்பாடு. சட்டமும் விதிமுறைகளும் இதற்கு அவசியம். ஆனால் ஏட்டில் விதி இருப்பதாலேயே பழக்கம் வந்துவிடுவதில்லை என்பதை 2007-இல் பிரித்தானிய வருவாய், சுங்கத் துறையில் நேர்ந்த தரவு இழப்பு காட்டியது.

குழந்தை உதவித்தொகையை வழங்கிவந்த அத்துறையிடம் தேசியத் தணிக்கை அலுவலகம் சரிபார்ப்புக்காகத் தரவு கேட்டது. முகவரியும் வங்கிக் கணக்கு விவரமும் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தது. அவற்றைப் பிரித்தெடுக்கக் கூடுதல் செலவாகும் என்பதால் துறை முழுக் கோப்பையுமே கொடுத்தது. அக்டோபர் 18 அன்று இரண்டு குறுவட்டுகள் வடகிழக்கு இங்கிலாந்தின் வாஷிங்டன் நகரிலிருந்து லண்டனுக்குப் பதிவு செய்யாத தபாலில் புறப்பட்டன. கடவுச்சொல் இருந்தது, குறியாக்கம் இல்லை. வட்டுகள் போய்ச் சேரவே இல்லை. 72.5 லட்சம் குடும்பங்களைச் சேர்ந்த 2.5 கோடிப் பேரின் விவரங்கள் அவற்றில் இருந்தன.

உயர் அதிகாரிகளுக்குச் செய்தி எட்டியது நவம்பர் 8-இல்தான். நவம்பர் 20 அன்று நிதியமைச்சர் அலிஸ்டர் டார்லிங் நாடாளுமன்றத்தில் இதை அறிவித்தார். துறைத் தலைவர் பால் கிரே பதவி விலகினார். கீழ்நிலை ஊழியர் ஒருவர் நடைமுறையை மீறியதே காரணம் என்று முதலில் சொல்லப்பட்டது. 2008 ஜூனில் வெளியான கீரன் பாய்ன்டரின் விசாரணை அறிக்கை, குறை துறையின் அமைப்பிலேயே இருப்பதாகக் கண்டது. சரியான முடிவும் இதுவே. தேவைக்கு மேல் தரவு கொடுக்காதே என்று தடுக்கும் பொறுப்பு அங்கு யாரிடமும் இருக்கவில்லை.

அதே மாதம் அரசு எல்லாத் துறைகளுக்கும் புதிய விதிகளை வகுத்தது. எடுத்துச் செல்லும் சாதனங்களில் குறியாக்கம், ஊழியர்களுக்கு ஆண்டுப் பயிற்சி, தகவல் இடர்களுக்குப் பொறுப்பேற்கும் மூத்த அதிகாரி ஆகியவை கட்டாயமாயின.

இவை இழப்புக்குப் பிறகு வந்த விதிகள். ஆனால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் தனியுரிமை ஆணையராக இருந்த ஆன் கவூக்கியன், பாதுகாப்பைப் பின்னால் ஒட்டவைக்காமல் வடிவமைப்பிலேயே சேர்க்க வேண்டும் என்று 1990-களிலேயே வலியுறுத்தினார். 2018-இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியப் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி அதைச் சட்டக் கடமையாக்கியது. தனிநபர்களுக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய தரவுக் கசிவு தெரியவந்தால் 72 மணி நேரத்துக்குள் அதைக் கண்காணிப்பு அமைப்புக்குத் தெரிவிக்கவும் சொல்கிறது. தவறைக் கண்ட ஊழியர் வேலைக்குப் பயந்து மறைக்கும் அலுவலகத்தில் இந்தக் கெடுவைக் காப்பது கடினம்.

இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, பாதுகாப்பு ஏற்பாடுகளில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. அந்த அபராதம் விழுவது தரவைக் கையாளும் நிறுவனத்தின் மீதே.