திண்ணையும் மந்தைவெளியும்

நான் முதன்முதலாக எழுதிய எழுத்து ஓலையிலும் இல்லை, சிலேட்டிலும் இல்லை. காவிரியின் கிளையாறு ஒன்றிலிருந்து கூடையில் வாரிக்கொண்டுவந்து, சலித்து, நடுத்தெருவில் ஒரு வீட்டுத் திண்ணைமேல் உபாத்தியாயர் பரப்பிவைத்திருந்த மணலிலேதான் அது எழுதப்பட்டது. ஒரு விஜயதசமி காலையில், என் ஆள்காட்டி விரலைத் தம் கையால் பற்றி அவர் சுழித்து இழுத்த அந்த அகரத்தின் உறுத்தல் இத்தனை ஆண்டுகள் கழிந்தும் விரல்நுனியை விட்டுப் போகவில்லை. ஆறு வற்றிய அடுத்த கோடையில், அதே மணல் கிடந்த ஆற்றில், காலால் கோடு கிழித்துச் சடுகுடு ஆடினோம். படித்த மணல் வேறு, ஆடிய மணல் வேறு என்று எங்களில் எவருக்கும் தோன்றியதில்லை. பள்ளிக்கு ஒரு மதிலும் மைதானத்துக்கு ஒரு வேலியும் வேண்டும் என்ற எண்ணமே தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு மிகப் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது என்பதைப் பின்னாளில் பழைய ஏடுகளைப் புரட்டியபோதுதான் அறிந்துகொண்டேன்.

திண்ணை என்பது பள்ளிக்கூடத்துக்கென்று கட்டப்பட்டதன்று. இரவில் வழிப்போக்கன் தலைசாய்க்கவும், பகலில் ஊர்ப்பெரியவர்கள் அமர்ந்து பேசவும் வீட்டுக்காரர் தெருவுக்கென்று விட்டுவைத்த இடம் அது. அங்கே ஓர் உபாத்தியாயர் வந்து அமர்ந்தால் அதுவே கல்விச்சாலையாயிற்று. கட்டடச் செலவு இல்லாத காரணத்தால் இப்பள்ளிகள் எவ்வளவு பரவியிருந்தன என்பதைச் சென்னைக் கவர்னராயிருந்த தாமஸ் மன்றோ 1822-இல் கலெக்டர்களிடம் கேட்டு, 1826-இல் தொகுத்த கணக்கு காட்டுகிறது. தெலுங்கு, கன்னட, மலையாளப் பகுதிகளும் அடங்கிய அன்றைய சென்னை ராஜதானியின் 1,28,50,941 ஜனங்களுக்கு 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றில் 1,88,650 பேர் படித்தார்கள். ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. ஆனால் அந்த மாணாக்கருள் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் குழந்தைகளோ பெரும்பாலும் அத்திண்ணைகளின் அருகேகூட வர இயலவில்லை. திண்ணையைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்த அநீதியை விழுங்கிவிட்டு எழுதுவது தகாது.

அப்பள்ளிகளின் நடைமுறையை என் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கிறேன். கிழக்கு வெளுக்குமுன் போக வேண்டும். முதலில் வந்தவனுக்கு மரியாதை. பின்னால் வந்தவர்களுக்கு வந்த வரிசைப்படி பிரம்படி ஒன்று, இரண்டு என்று ஏறிக்கொண்டே போகும். இதே வழக்கத்தைப் பெல்லாரி கலெக்டர் காம்ப்பெல் 1823-இல் தம் அறிக்கையில் வருணித்திருக்கிறார்: முதல்வன் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்களாம், இரண்டாமவனுக்குப் புகழும் இல்லை, இகழும் இல்லை என்பதற்கு அடையாளமாக ஒரு சுன்னம், மூன்றாமவன் முதல் அடி தொடங்கும். கன்னடமும் தெலுங்கும் பேசும் சீமைக்கும் எங்கள் காவிரிக்கரைக்கும் இவ்வழக்கம் பொதுவாயிருந்தது எனக்கு வியப்பளித்தது.

மணலில் கை தேறிய பிறகே ஓலை. எழுத்தாணியால் கீறிய எழுத்துப் புலப்படுவதற்காக வசம்புக்கரியும் கோவையிலைச் சாறும் ஓலைமேல் தடவுவார்கள். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நிகண்டு, சதகம் எல்லாம் வாயால் ஒப்பித்தே மனத்தில் ஏற வேண்டும். மூத்தவன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். இவற்றையெல்லாம்விட எண்சுவடியே மிகுந்த பிரயாசை கொண்டது. 320-இல் ஒரு பங்கான முந்திரி, 80-இல் ஒரு பங்கான காணி, 20-இல் ஒரு பங்கான மா என்று கீழ்வாயிலக்கம் முழுவதும் நாவில் புரண்டால்தான், பிற்பாடு நெல்லளக்கவும் நிலமளக்கவும் அவன் ஒருவரை எதிர்பார்க்க வேண்டியதில்லை. தவறினால் தண்டனை கொடிது. விட்டத்தில் கயிறு கட்டிச் சிறுவனைக் கைகளால் தொங்கவிடும் கோதண்டம் என்ற தண்டனையைப் பற்றிச் சொல்லும்போது, எழுபது வயதான என் பாட்டனாரின் குரல் தாழ்ந்துவிடும். அந்தக் கொடுமை ஒழிந்தது நன்மையே.

இவ்விடத்தில் ஒரு செய்தியைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. 1789-இல் எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்காக நடந்த விடுதிக்கு மேற்பார்வையாளராக வந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், ஒருநாள் காலை குதிரைமேல் செல்லும்போது ஒரு மலபார்ப் பள்ளியில் குழந்தைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். மலபார் என்ற சொல்லால் அக்காலத்து ஆங்கிலேயர் தமிழரையும் குறித்தனர். தம் ஆசிரியர்கள் அம்முறையைக் கையாள மறுக்கவே, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக்கொண்டு கீழ்வகுப்புக்கு அதைக் கற்பித்து வெற்றி கண்ட பெல், 1797-இல் லண்டனில் அதை நூலாக வெளியிட்டார். பிள்ளைக்குப் பிள்ளையே ஆசானாகும் அந்த ஏற்பாடு ‘மதராஸ் முறை’ என்ற பெயருடன் இங்கிலாந்தில் பரவியது. அவர் விட்டுச்சென்ற பொருளால் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த பள்ளி இன்றும் மதராஸ் கல்லூரி என்றே வழங்குகிறது.

இனி ஆடிய இடங்கள். ஊருக்கு வெளியே மந்தைவெளி என்று ஒன்று இருக்கும். விடியற்காலையில் ஊர் மாடுகள் யாவும் அங்கே கூடி மேய்ச்சலுக்குப் புறப்பட்டுவிட்டால், அவை பொழுது சாய்ந்து திரும்பும்வரை அந்த நிலத்துக்கு வேறு வேலை கிடையாது. அந்த இடைவேளை முழுவதும் எங்களுடையது. பம்பரமும் கோலியும் பச்சைக்குதிரையும் அங்கே. தை, மாசியில் போரடித்து நெல் வீடு சேர்ந்தபின் களத்துமேடு எங்களுக்குக் கிடைக்கும். அறுத்துக் காய்ந்த வயல்களில் கிட்டிப்புள் ஆடுவோம், புள் விழுந்த தூரத்தைக் கிட்டியாலேயே அளந்து எண்ணுவோம், தோற்றவன் மூச்சுவிடாமல் பாடிக்கொண்டு ஓடி வரவேண்டும். பங்குனி பிறந்து ஆறு வற்றிவிட்டால், ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்து புதுப்புனல் வந்து சேரும்வரை, கரைக்குக் கரை பரந்து கிடக்கும் ஆற்று மணல் முழுவதும் சடுகுடுக்கு. விழுந்தால் வலிக்காத தரை அது. விளையாட்டுகளுக்குப் பருவம் வகுத்தது எந்த ஆசிரியருமன்று, நெல்லும் நீரும்தான். மழைக்காலத்தில் கோயில் வெளிப்பிரகாரம். அங்கே கற்பாவில் எந்தக் காலத்துக் கையோ செதுக்கிய ஆடுபுலி ஆட்டக் கோடுகள், எத்தனையோ தலைமுறைச் சிறுவர்களின் விரல் தேய்த்து வழுவழுப்பாகக் கிடந்தன.

பெண்குழந்தைகள் தெருவாசலில் பாண்டியும், திண்ணையில் பல்லாங்குழியும், தாயமும், ஏழாங்கல்லும் ஆடினார்கள். எழுதப் படிக்க அத்திண்ணை அவர்களுக்குப் பெரும்பாலும் மறுக்கப்பட்டிருந்தது. ஆனால் ஆடுவதற்கு அது அவர்களுடையது. பாண்டிக்கு அவர்கள் எறிந்த ஓட்டுச் சில்லு எவ்வளவு பழையது என்பதற்குக் கீழடி அகழாய்வில் ஏராளமாகக் கிடைத்த சுடுமண் வட்டச் சில்லுகளே சாட்சி. மணலில் கட்டும் சிறு வீட்டுக்குச் சிற்றில் என்று பெயரிட்டு, அதைச் சிதைப்பதையும் சிறுபறையையும் சிறுதேரையும் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பருவங்களாகவே அமைத்துவிட்டார்கள் நம் புலவர்கள். குழந்தையின் ஆட்டத்தை இலக்கணத்துக்குள் ஏற்றிய இந்த மரபுக்கு நான் தலைவணங்குகிறேன்.

திண்ணைப் பள்ளி மறைந்ததற்குக் காரணம் ஒன்றல்ல. 1835-இல் இந்தியர் அச்சுக்கூடம் வைப்பதற்கிருந்த தடை நீங்கி அச்சுப் புத்தகம் மலிந்தது. 1854-ஆம் ஆண்டுக் கல்வி ஆணைக்குப் பிறகு சர்க்கார் மானியமும், மானியத்தின் பின்னே பரிசோதகரும், பாடத்திட்டமும் வந்தன. கட்டடம், மணி, வருகைப் பதிவேடு என்று ஒவ்வொன்றாக ஏறின. புதிய பள்ளி அதுவரை வாசல் மறுக்கப்பட்டவர்களையும் பெண்குழந்தைகளையும் உள்ளே அழைத்தது. அந்த ஒன்றுக்காகவே அது வந்ததை நான் வரவேற்கிறேன். ஆயினும் ஆடுமிடங்கள் அழிந்ததற்கு அத்தகைய நியாயம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. மந்தைவெளி புறம்போக்காயிற்று, புறம்போக்கு வீடும் கிடங்கும் ஆயிற்று. எங்கள் ஆற்றில் மணல் லாரியேறிப் போயிற்று. கோடையில் இப்போது அங்கே களியும் கோரையும் குழியும்தான் கிடக்கின்றன. எங்கள் தெருவில் மிஞ்சியிருந்த திண்ணைகள் கம்பி அடைத்து அறைகளாயின.

கிராமத்தில் வசிக்கும் வாசகர்களிடம் ஒன்று வேண்டுகிறேன். அடுத்த முறை கிராமசபை கூடும்போது, நம் ஊர் மந்தைவெளி எங்கே இருந்தது, அதில் எத்தனை சென்ட் இன்னும் மிஞ்சியிருக்கிறது என்று எழுந்து கேளுங்கள். நிலம் போயிருந்தாலும் பழைய பதிவேட்டில் அந்தப் பெயர் இருக்கும்.