வட்டுக்கோட்டையில் ஒரு கிரகண இரவு

வட்டுக்கோட்டை செமினரியை 1855இல் ஏன் இழுத்து மூடினார்கள் என்பதை இந்த வாரம் சொல்வதாகப் போன இதழில் வாக்குக் கொடுத்திருந்தோம். அமெரிக்க மிஷன்காரர் 1816இல் யாழ்ப்பாணம் வந்தது, 1823இல் பள்ளி தொடங்கியது எல்லாம் வாசகருக்குத் தெரிந்த சங்கதிகள். நேரே மூடுவிழாவுக்குப் போய்விடலாம் என்றால், 1829ஆம் ஆண்டுச் சந்திரன் வழியை மறிக்கிறது.

செமினரிக்குப் பக்கத்து ஊர் அராலி. அங்கே விசுவநாத சாஸ்திரியார் என்றொரு பஞ்சாங்க கணிதர். கலியாணத்துக்கு நாள் பார்ப்பதும் விதைப்புக்கு நேரம் குறிப்பதும் அவர் எழுதிய எழுத்தின்படிதான். அவருடைய பஞ்சாங்கம் 1829 மார்ச் 20இல் சந்திர கிரகணம் என்று சொன்னது. செமினரித் தலைவர் டானியேல் பூவரும் தம் கணக்கைப் போட்டுப் பார்த்தார். கிரகணம் உண்டு என்பதில் இருவருக்கும் பேதமில்லை. எப்போது பிடிக்கும், எவ்வளவு நேரம் நிற்கும், நிலாவில் எவ்வளவு மறையும் என்பதில்தான் முரண்பாடு. பூவர் விடுவாரா? ஊரறியச் சொல்லிவிட்டார்.

அன்றிரவு எல்லோர் கண்ணும் வானத்தில். பூவர் பக்கத்தில் கடிகாரம் இருந்தது, தொலைநோக்கி இருந்தது. சாஸ்திரியார் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக வந்த வாய்பாடு இருந்தது. வென்றது பூவர். கிரகணம் தொடங்கிய நேரத்தில் பஞ்சாங்கம் கால் மணி பிசகியது. நீடித்த நேரத்தில் 24 நிமிடம் பிசகியது. மறைந்த பரப்பிலும் தவறியது. பஞ்சாங்கமே பிழைத்தால் புராணம் மட்டும் நிற்குமா என்பது பூவரின் அடுத்த கேள்வி. மேருமலையும் ஏழு கடலும் சரிந்தால் சைவமும் கூடவே சரிந்துவிடும் என்று அவர் மனக்கணக்குப் போட்டார்.

இந்த இடத்தில் சாஸ்திரியாருக்காக ஒரு வார்த்தை பேசியாக வேண்டும். நிலவை ராகு விழுங்குகிறான் என்பது கதை. கணிதருடைய ராகுவுக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. சூரியன் போவதாகத் தோன்றும் பாதையைச் சந்திரனின் பாதை வெட்டுகிற ஒரு புள்ளி அது, எதிர்ப்புள்ளி கேது. பௌர்ணமி அந்தப் புள்ளியை அண்டி வந்தால் கிரகணம். பூவர் போட்டதும் இதே கேத்திரகணிதம்தான், எண்கள் புதியவை என்பதுதான் வித்தியாசம். தொலைநோக்கி இல்லாமல் கால் மணிப் பிசகோடு கிரகணம் சொன்ன மனிதரைத் தோற்றவர் என்று மிஷன் சரித்திரங்கள் எழுதி வைத்திருக்கின்றன. இந்தத் தொடரின் தீர்ப்பு அதுவல்ல.

பூவரின் மனக்கணக்கும் பலிக்கவில்லை. தொடக்க நாட்களில் மிஷன் வளவுக்குள் சமைத்ததை உண்ண மாட்டோம் என்று மாணவர்கள் நின்றதால், பக்கத்துச் சைவர் காணியில் சமையல் கொட்டில் போட வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளைகள் பகலில் வேதாகமமும் நியூட்டனும் படித்தார்கள். தமிழ் வகுப்பில் நன்னூலும் குறளும் படித்தார்கள். செலவுக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கக் கொடையாளிகளின் பெயர்களும் அவர்கள் தலையில் ஏறின. சிறுப்பிட்டித் தாமோதரம் அங்கே சார்ள்ஸ் வின்ஸ்லோ கிங்ஸ்பரி. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக வெளிவந்த இருவரில் அவர் ஒருவர். மற்றவர் கறல் விசுவநாதபிள்ளை, அவரும் வட்டுக்கோட்டைப் பிள்ளைதான். கிங்ஸ்பரி பிறகு சைவத்துக்கே திரும்பி, சி. வை. தாமோதரம்பிள்ளையாகத் தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். பூவர் இதற்காகவா கிரகணம் பார்த்தார்!

பூவருக்குப் பின் தலைமைக்கு வந்த ஹென்றி ஹொய்சிங்டன் இன்னும் விநோதமான மனிதர். 1848இல் தமிழில் சோதிட சாஸ்திரம் எழுதி வெளியிட்டார். தத்துவக்கட்டளை, சிவஞானபோதம், சிவப்பிரகாசம் மூன்றையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அமெரிக்கக் கீழைத்தேயக் கழகத்தின் சஞ்சிகை 1854இல் அவற்றைப் போட்டது. எதிரியின் கோட்டையைப் பிடிக்கப் போனவர் அதன் வரைபடத்தை இவ்வளவு அக்கறையாகத் தீட்டினாரே, அதற்காகவே அவரை இந்த எழுத்தாளருக்குப் பிடிக்கும்.

கண்டக்குழி வாசகர்கள், எங்கள் கரைக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். அமெரிக்கர்களை ஆங்கில அரசு வடக்கோடு நிறுத்திவைத்தது. புத்தளக் கரைக்கு அந்தச் செமினரி வரவில்லை. தெற்கே தலவில அன்னம்மாள் ஆலயமும் ஊருக்கு ஊர் பள்ளிவாசலும் இருந்த கரை இது. என்றாலும் கண்டக்குழியிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்திலுள்ள கற்பிட்டி, 1807இல் சைமன் காசிச்செட்டியைத் தந்தது. வட்டுக்கோட்டை வாங்கில் இருந்து படிக்காத கிறிஸ்தவர். 1834இல் இலங்கைக்கு ஓர் ஊர்விவர அகராதி செய்தார், சட்டநிரூபண சபையில் தமிழருக்காக அமர்ந்தார், சிலாபத்தில் நீதிபதியானார். இத்தனைக்கும் நடுவே தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் திரட்டி ஆங்கிலத்தில் எழுதிய ‘தமிழ் புளூட்டார்க்’ 1859இல் யாழ்ப்பாணத்தில் அச்சேறியது. அடுத்த ஆண்டு காலமானார். செமினரி மாணவரும் உதயதாரகைப் பத்திரிகையின் ஆசிரியருமான ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1886இல் வெளியிட்ட ‘பாவலர் சரித்திர தீபகம்’ காசிச்செட்டி வெட்டிய வாய்க்காலில் ஓடிய நீர்தான். கற்பிட்டிக்காரர் ஆங்கிலத்தில் தொடங்கினார், வட்டுக்கோட்டைக்காரர் தமிழில் பெருக்கினார்.

பக்கம் முடிகிறது, மூடுவிழாவுக்கு இடமில்லை. செமினரி ஆங்கிலம் படித்த உத்தியோகத்தரைத்தான் ஆக்குகிறது, ஊர்ப் போதகரை ஆக்கவில்லை என்பது மிஷன் தலைமையின் குறை. அந்தக் குறையைச் சுமந்துகொண்டு பாஸ்டனிலிருந்து கப்பலேறி வந்த ரூபஸ் ஆண்டர்சனை, இந்தத் தொடரின் வில்லனை, அடுத்த இதழில் கட்டாயம் சந்திப்போம். அதற்குள் ‘பாவலர் சரித்திர தீபகம்’ கைக்குக் கிடைக்கிற வாசகர்கள் அதைப் புரட்டி வையுங்கள். அங்கிருந்துதான் தொடங்கப் போகிறோம்.