அரிசி விலையும் அரசின் திறனும்



ஒரு நாட்டின் வரலாற்றை அரசர்தம் பெயர்களாலும் போர்கள் நிகழ்ந்த ஆண்டுகளாலும் அளந்து கற்பது நம் பாடநூல்களின் வழக்கம். அந்நாட்டில் ஒரு கொத்து அரிசி என்ன விலைக்கு விற்றது என்பதை அந்நூல்கள் கூறுவது அரிது. ஆயினும், சுதந்திர இலங்கையில் ஆட்சிபீடம் ஆட்டங்கண்ட வேளைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்போமாயின், அவற்றுட் பலவற்றின் பின்னணியில் சோற்றுப் பானையின் நிழல் விழுந்திருப்பதைக் காணலாம். உணவு விலை ஏறும்பொழுது ஓர் அரசின் திறனை எதைக்கொண்டு மதிப்பிடுவது? கடையிலே தொங்கும் விலைப்பலகையைக் கொண்டா? அன்றி, அவ்விலை மாறிய முறையைக் கொண்டா? இவ்வினாவுக்கு நம் நாட்டு வரலாறு தரும் விடையை இன்று ஆராய்வோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பெருந்தோட்டங்கள் பெருகியது முதல், இலங்கை தன் உணவுக்குக் கடல் கடந்த நாடுகளை நம்பலாயிற்று. இரண்டாம் உலகப்போருக்கு முன்னர் இத்தீவு உண்ட அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வெளியிலிருந்தே வந்தது. அதிற் பெரும்பகுதி பர்மா நாட்டு அரிசி. 1942 ஆம் ஆண்டில் பர்மா ஜப்பானியர் கைப்பட்டதும் அவ்வழி அடைபட்டது. அப்பொழுது பிறந்ததே பங்கீட்டு முறை. 'கூப்பன் அரிசி' என்ற சொல் அன்று நம் வீடுகளுக்குள் நுழைந்து, ஒரு தலைமுறைக்கு மேல் நிலைபெற்றிருந்தது. போர் முடிந்த பின்னரும் பங்கீடு முடியவில்லை. மலிந்த விலையில் அரிசி வழங்குவது அரசின் கடமை என்று மக்களும் கருதினர், ஆட்சியாளரும் ஒப்பினர்.

1950 களின் தொடக்கத்தில் இம்முறை எவ்வாறு நடந்தது என்பதைச் சிறிது கணக்குப் பார்த்தல் பயனுடைத்து. கூப்பனுக்கு ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதம். ஒரு புசல் நெல்லைக் குற்றினால் ஏறத்தாழப் பதினைந்து கொத்து அரிசி தேறும். ஆகவே ஒரு புசல் நெல்லின் அரிசியைக் கூப்பன் விலைக்கு விற்றால் கிடைப்பது 3 ரூபா 75 சதம். உள்நாட்டுக் கமக்காரனிடமிருந்து அதே ஒரு புசல் நெல்லைக் கொள்வனவு செய்வதற்கு அரசு வகுத்த உத்தரவாத விலையோ 12 ரூபா. விளைவிப்பவனுக்கு உயர்ந்த விலை. உண்பவனுக்குத் தாழ்ந்த விலை. இடையிலுள்ள பள்ளத்தை நிரப்பியது திறைசேரி. திறைசேரியை நிரப்பியவை தேயிலையும் இறப்பரும் தெங்குப் பொருளும். தேயிலைத் தோட்டங்களில் அவ்வருவாயை ஈட்டித் தந்த மலையகத் தொழிலாளர் 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பெரும்பாலும் குடியுரிமை இழந்து நின்றனர் என்பதையும் இங்கே மறத்தல் ஆகாது.

கொரிய யுத்த காலத்தில் இறப்பரின் விலை ஏறியிருந்தவரை இவ்வேற்பாடு இடரின்றி நடந்தது. அது வீழ்ந்தது, உலகச் சந்தையில் அரிசி விலையோ உயர்ந்தது. 1952 டிசெம்பரில் சீனாவோடு செய்துகொண்ட இறப்பர் – அரிசி உடன்படிக்கை பெருந்துணையாயிற்று. ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பருக்கு ஈடாக 270,000 தொன் அரிசி பெறுவதற்கு அவ்வுடன்படிக்கை வழிவகுத்தது. எனினும் வரவு செலவில் விழுந்த துண்டு பெரிதாகவே இருந்தது.

1953 ஜூலையில் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தன வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்தார். 25 சதமாயிருந்த கொத்து அரிசி 70 சதமாயிற்று. புகையிரதக் கட்டணமும் தபாற் கட்டணமும் கூடின. பாடசாலைப் பிள்ளைகளுக்கு வழங்கப்பட்டு வந்த இலவச மதிய உணவும் நின்றது. ஒரே மூச்சில் இத்தனையும்! ஆகஸ்ட் 12 ஆந் திகதி இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பின்பேரில் நாடு ஹர்த்தால் அனுட்டித்தது. தமிழரசுக் கட்சியும் ஆதரவளித்தது. கடைகள் மூடப்பட்டன, மேற்குக் கரையோரத்தில் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, துப்பாக்கிப் பிரயோகத்தில் உயிர்கள் பலியாயின. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலொன்றிற் கூடும் நிலை ஏற்பட்டது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அரிசி விலையும் 55 சதமாகக் குறைக்கப்பட்டது.

திறைசேரி வறண்டிருந்தது உண்மை. விலையை என்றைக்கும் 25 சதத்தில் நிறுத்தி வைத்திருக்க இயலாது என்பதும் உண்மை. அவ்வாறாயின் குற்றம் எங்கே? பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகச் செய்திருக்க வேண்டியதை ஓரிரவிற் செய்ததும், எளியோருக்கு மாற்று வழி எதுவும் வைக்காமற் செய்ததுமே குற்றம் எனலாம்.

இதற்குச் சான்றாக அதே டட்லி சேனநாயக்கவின் பிற்காலச் செயலையே காட்டலாம். 1966 டிசெம்பரில், மீண்டும் பிரதமராயிருந்த அவர், வாரத்துக்கு இரண்டு கொத்தாயிருந்த பங்கீட்டை ஒரு கொத்தாகக் குறைத்தார். ஆனால், எஞ்சிய அந்த ஒரு கொத்தை இலவசமாக்கினார். நெல்லுக்குரிய உத்தரவாத விலை அக்காலத்தில் 14 ரூபாவாக உயர்ந்தது. உணவுற்பத்தி இயக்கம் முடுக்கிவிடப்பட்டது. புதிய நெல்லினங்களும் உரமும் கமக்காரர் கைக்கு எட்டின. நாட்டின் நெல் விளைவும் பெருகிற்று. 1953 போன்ற கிளர்ச்சி அப்பொழுது மூளவில்லை. இரண்டாவது கொத்தை மீட்டுத் தருவோம் என்று வாக்களித்த எதிர்க்கட்சிகள் 1970 ஆம் ஆண்டுத் தேர்தலில் அவரைத் தோற்கடித்தன என்பது வேறு கதை. ஒரே மனிதர், ஒரே அரிசி. செய்த முறை வேறானமையால் விளைவும் வேறாயிற்று.

இனி நம் வன்னிக்கு வருவோம். வவுனிக்குளத்தின் கீழ் மல்லாவி, யோகபுரம் முதலிய இடங்களில் இன்று காணும் வயல்களும் வீடுகளும், பழங்குளங்களைத் திருத்தி மக்களைக் குடியேற்றி இறக்குமதி அரிசியைக் குறைக்க வேண்டும் என்ற அக்காலக் கொள்கையின் பயனே. இக்கிராமங்களிற் பலவற்றின் பிறப்புச் சான்றிதழை எழுதியது அரிசித் தட்டுப்பாடு என்று சொன்னால் அது மிகையாகாது. குடாநாட்டிலிருந்து மண்வெட்டியோடு வந்தோர் காடு வெட்டிக் கழனியாக்கினர். நெல்லைச் சங்கத்தில் கொடுத்து, அதே சங்கக்கடையில் கூப்பன் அரிசி வாங்கியவர்களும் அவர்களே. எனவே விலை என்னும் துலாக்கோலின் இரண்டு தட்டிலும் ஒரே காலத்தில் நின்றவர்கள் வன்னி மக்கள்.

1970 ஆம் ஆண்டு பதவியேற்ற சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு, அந்நியச் செலாவணி நெருக்கடியால் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியை இறுக்கியது. விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய இடங்களில் படித்த வாலிபர் குடியேற்றத் திட்டங்கள் செத்தல் மிளகாயாற் செழித்தன. வடபுலத்துக் கமக்காரர் பலர் கல்வீடு கட்டியதும் உழவு இயந்திரம் வாங்கியதும் அக்காலத்திலேதான். அதே 1973, 1974 ஆம் ஆண்டுகளில் நகரங்களிலே பாணுக்கு வரிசை நீண்டது. நெல்லையும் அரிசியையும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்வதும் கட்டுப்படுத்தப்பட்டது. மலையகத் தோட்டங்களிற் பட்டினியால் மக்கள் மடிந்தனர். அங்கிருந்து வன்னியை நாடி வந்து கமக்கூலிகளானோரும் உளர். ஒருவர்க்கு நல்விலையாயிருந்தது மற்றொருவர்க்குப் பட்டினியாயிற்று.

1977 இல் ஆட்சிக்கு வந்த ஜே. ஆர். ஜயவர்த்தன இறக்குமதிக் கதவைத் திறந்தார். கடைகள் நிறைந்தன; மிளகாயும் வெங்காயமும் பயிரிட்டோர் தளர்ந்தனர். 1979 செப்டெம்பரில் பங்கீட்டு அரிசியின் இடத்தை உணவு முத்திரை பிடித்தது. முத்திரையில் எழுதிய தொகை அவ்வாறே நிற்க, சந்தை விலை ஏறிக்கொண்டே சென்றமையால், அதன் பெறுமதி ஆண்டுக்காண்டு தேய்ந்தது. விலையை உயர்த்தாமலே உதவியைக் குறைக்கும் வழியும் இவ்வாறு கண்டறியப்பட்டது.

போர்க்காலத்தை விரித்துரைப்பின் நேரம் போதாது. 1990 முதல் 2002 வரை பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில் வன்னியில் மண்ணெண்ணெயும் உரமும் சவர்க்காரமும் அரும்பொருள்களாயின. வயலில் நெல் விளைந்தபோதும் வெளிச்சந்தைக்குச் செல்லும் பாதை அடைபட்டிருந்தது. 1996 இல் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்தோர் மல்லாவியை நிறைத்தபோது, விலையைத் தீர்மானிப்பது விளைச்சல் மாத்திரம் அன்று, வீதியும் ஆகும் என்பதை இங்குள்ள சிறுவரும் அறிந்தனர்.

2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. சேதன வேளாண்மை நல்ல நோக்கமே. ஆயினும் மண்ணைப் பண்படுத்தவும் கமக்காரனைப் பழக்கவும் பல போகங்கள் வேண்டும். அக்காலம் கொடுக்கப்படவில்லை. நவம்பரிற் தடை நீங்கியபோது பெரும்போக விதைப்பு நடந்துகொண்டிருந்தது. அடுத்த அறுவடை பெரிதும் குன்றியது. 2022 ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி அவ்வாண்டு செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். முந்திய ஆண்டு 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறக்குறைய 195 ரூபா வேண்டியிருந்தது. ஜூலையிலேயே ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ பதவி விலகிவிட்டார்.

அம்மாதங்களிற் காலையுணவின்றி வந்து, பிரார்த்தனை நேரத்திலே சோர்ந்து அமர்ந்த பிள்ளைகளை ஓர் அதிபராக நான் கண்டேன். அவர்களுட் பலர் நெல் விளைவிக்கும் குடும்பத்துப் பிள்ளைகள்! அறுவடை நாளில் ஈரநெல்லைக் கடனுக்காகக் களத்திலேயே விற்றுவிட்டு, ஆறுமாதங் கழித்து அரிசியைக் கடை விலைக்கு வாங்குவது எளிய கமக்காரனின் நிலை. ஆதலால் விலையேற்றத்தின் இலாபம் அவன் வீட்டுப் படலையைத் திறப்பதில்லை. நட்டம் மாத்திரம் தவறாது வந்து சேரும்.

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. ஆபிரிக்காவிலே எண்ணெய் வளம் மிக்க நைஜீரியாவைப் பாருங்கள். உள்நாட்டு நெற் கமக்காரரைக் காக்கவென 2019 இல் அந்நாடு தன் தரைவழி எல்லைகளை மூடிற்று. அரிசி விலை ஏறியது. 2023 மே 29 ஆந் திகதி ஜனாதிபதி போலா தினுபு பதவியேற்ற அன்றே பெற்றோல் மானியம் நீங்கியது என்று அறிவித்தார். அடுத்த மாதமே நாணயத்தின் பெறுமதி சந்தையிடம் விடப்பட்டது. 2024 ஜூனில் அங்கே உணவுப் பணவீக்கம் 40 சதவீதத்தைக் கடந்தது. ஆகஸ்டில் மக்கள் வீதிக்கு இறங்கினர். அம்மானியத்தை நெடுநாள் தாங்க இயலாது என்று பொருளியலறிஞர் பலர் கூறியே வந்தனர். 1953 இல் இங்கும் அவ்வாறே கூறினர். கணக்கு சரியாயிருந்தும், ஏழையின் சமையலறைக்குள் அக்கணக்கு நுழைந்த வேகமே கலகத்தை விளைத்தது.

இவற்றால் நாம் அறியற்பாலது யாது? விலை ஏறவே கூடாது என்று எந்த அரசும் உறுதி கூற இயலாது. மழையும் உலகச் சந்தையும் அதன் ஆணைக்கு அடங்கா. ஆனால், மாற்றம் வருமுன் மக்களுக்கு உண்மையைச் சொல்லவும், அதைப் படிப்படியாகச் செய்யவும், பிள்ளையின் மதிய உணவைக் கடைசிவரை காக்கவும், களத்தில் நெல்லுக்குக் கிடைக்கும் விலைக்கும் கடையில் அரிசிக்குக் கொடுக்கும் விலைக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைக்கவும் ஓர் அரசால் இயலும். இந்நான்கும் அரசின் திறனை அளக்கும் அளவுகோல்கள்.

அடுத்த முறை அரிசி விலையைப் பற்றி ஒரு வாக்குறுதியை நேயர்கள் கேட்கும்பொழுது, 'எவ்வளவு குறையும்?' என்று மட்டும் வினவாதீர்கள். 'அதற்குரிய பணம் எங்கிருந்து வரும்? சூடடித்த களத்திலே கமக்காரனுக்கு எவ்வளவு கிடைக்கும்?' என்றும் வினவுங்கள். 1953 இலும் 2021 இலும் இக்கேள்விகளை உரிய காலத்திற் கேட்டு விடை பெற்றிருந்தோமாயின், இந்நாடு பட்ட துன்பத்திற் பெரும்பகுதி குறைந்திருக்கும்.