சம்பளத்தோடு ஒரு விடுமுறை

1923 மே 1, செவ்வாய்க்கிழமை. சென்னைக் கடற்கரையில் இரண்டு கூட்டங்கள். ஒன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, மற்றது திருவல்லிக்கேணியில். இந்தியாவில் முதன்முதலாக மே தினம் கொண்டாடப்பட்டது அன்றுதான்.

ஏற்பாடு செய்தவர் ம. சிங்காரவேலர். அப்போது அவருக்கு வயது 63. மீனவக் குடும்பத்தில் பிறந்து வழக்கறிஞராக உயர்ந்தவர். ஒத்துழையாமை இயக்கத்தில் அந்தத் தொழிலையே உதறியவர். கொடிக்குச் சிவப்புத் துணி கிடைக்காமல் மகளின் சிவப்புச் சேலையைக் கிழித்துக் கொடுத்தார் என்று இன்றும் சொல்வார்கள்.

அன்று நிறைவேறிய தீர்மானங்களில் ஒன்று, மே தினத்தை அரசு விடுமுறையாக அறிவிக்க வேண்டும் என்பது. அதன் கனம் புரிய அன்றைய சட்டத்தைப் பார்க்க வேண்டும். 1922-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டப்படி ஒரு நாளைக்கு 11 மணி நேரம், வாரத்துக்கு 60 மணி நேரம் வேலை வாங்கலாம். சிகாகோ தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலை கேட்டு வீதிக்கு வந்ததோ 1886-இல்! ஹங்கேரியின் புடாபெஸ்டில் 1890 மே 1 அன்றே தொழிலாளர்கள் திரண்டுவிட்டார்கள். இன்று அந்த நாட்டில் அது 'உழைப்பின் திருநாள்' என்ற பொது விடுமுறை.

நம் ஊரிலும் அந்தத் தீர்மானம் சட்டமானது. குடியரசு நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் ஆகியவற்றோடு மே 1-ஐயும் தொழில் நிறுவனங்கள் சம்பளத்தோடு விடுமுறையாகத் தர வேண்டும் என்கிறது தமிழ்நாட்டுச் சட்டம். ஆனால், பெற்றதைக் காவல் காக்கவும் வேண்டியிருக்கிறது. 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மே 1 அன்று, சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில், மசோதா திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். சிங்காரவேலர் கொடியேற்றி அன்றோடு சரியாக நூறு ஆண்டுகள்!

இந்தக் கதையைப் பச்சைமலை அடிவாரத்துப் பூலாம்பாடியில் நின்று யோசித்துப் பாருங்கள். இது ஆலைகளின் ஊர் அல்ல. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் பெரம்பலூர்ச் சீமை. பிழைப்புக்காகக் கடல் கடந்து மலேசியா போனவர்களின் உழைப்பும் இந்த ஊரின் வீடுகளில் இருக்கிறது. மே 1 அன்று அலுவலகங்கள் பூட்டியிருக்கும். சுற்றுக் கிராமங்களில் கிராம சபை கூடும். களை எடுக்கப் போகும் பெண்ணுக்கோ அன்றும் போனால்தான் கூலி. விடுமுறை எடுத்தால் அடுப்பெரிவது சிரமம்.

சிங்காரவேலர் இதை மறக்கவில்லை. அதே மே தினத்தில் அவர் தொடங்கிய கட்சியின் பெயர் 'இந்துஸ்தான் லேபர் கிசான் கட்சி'. தொழிலாளியோடு உழவரையும் பெயரிலேயே சேர்த்து வைத்தார். அவர் கேட்ட விடுமுறை ஆலை வாசல் வரை வந்துவிட்டது. வரப்பைத் தாண்டி இன்னும் வயலுக்குள் இறங்கவில்லை. நூறாண்டுக்கு முந்தைய அந்தத் தீர்மானத்தில் பாதிதான் நிறைவேறியிருக்கிறது. மீதிப் பாதி நம் தலைமுறையின் கடன்.

(தொடரும்)