சிறை சில மாதம், பிரிவு ஆயுளுக்கும்



நம் காஞ்சிபுரத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பலர் வெளிநாட்டில் இருப்பதால் இந்தப் பழைய கதையைச் சொல்கிறேன்.

1907-ல் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் ஆசியர் பதிவுச் சட்டம் வந்தது. பதிவுச் சீட்டு வாங்க மறுத்துச் சிறை சென்றவர்களில் தமிழர்கள் ஏராளம். அவர்களுக்காக நீதிமன்றத்தில் நின்றவர் வழக்கறிஞர் காந்தி. சிறையை அவர்கள் தாங்கிக்கொண்டார்கள். அதனால் அரசு, பலரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பியது. அவர்களில் தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்தவர்களும் உண்டு! 1910-ல் சென்னையில் இறங்கியவர்களை ஜி.ஏ. நடேசன் ஆதரித்தார். திரும்பிப் போன நாராயணசாமியை எந்தத் துறைமுகத்திலும் இறங்க விடவில்லை. அலைக்கழிந்து அந்த அக்டோபரில் டெலகோவா விரிகுடாவில் உயிர் விட்டார்.

அன்று சட்டமே அநியாயம். இன்று அறியாமையும் சேர்ந்துகொள்கிறது. அமெரிக்காவில் 40 ஆண்டு வாழ்ந்த படில்லா, "கவலை வேண்டாம்" என்ற தன் வக்கீலை நம்பிக் கஞ்சா வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நாடுகடத்தும் நிலை வந்தது. நாடுகடத்தப்படும் ஆபத்தைக் கட்சிக்காரரிடம் சொல்வது வக்கீலின் கடமை என்று 2010-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதற்கென்றே தேர்ந்த குடிவரவு வழக்கறிஞர்கள் அங்கே இருக்கிறார்கள்.

க்ரீன் கார்டு, விசாவில் இருக்கும் பிள்ளைகளே, "சின்ன கேஸ்தான், ஒப்புக்கொண்டால் முடிந்துவிடும்" என்று யார் சொன்னாலும், கையெழுத்துப் போடுமுன் அவர்களில் ஒருவரைக் கேளுங்கள்.