பாஸ் லினக்ஸில் அனுமதி மாற்றம்

பாஸ் லினக்ஸில் அனுமதி மாற்றம் என்பது, காக்கப்பட்ட அமைப்புக் கோப்புகளை யார் படிக்கலாம், யார் எழுதலாம், யார் இயக்கலாம் என்பதை மாற்றியமைப்பதாகும். பாஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில் உருவாக்கப்பட்டு 2007இல் வெளியான இயங்குதளம். தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்ககாலக் கணினிகளில் விண்டோஸுடன் இதுவும் நிறுவப்பட்டிருந்தது.

செயல்முறை

அமைப்புக் கோப்புகள் 'ஈடிசி' என்னும் அடைவில் உள்ளன. பொதுவாக ரூட் பயனரே அவற்றின் உரிமையாளர். 'சிஎச்மோட்' கட்டளை அனுமதியை மாற்றும். படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்னும் எண்களைக் கூட்டி, உரிமையாளர், குழு, பிறர் என்ற வரிசையில் அனுமதி குறிக்கப்படும். கடவுச்சொற்களின் மறைவடிவம் உள்ள 'ஷேடோ' கோப்பின் அனுமதி 640. அதாவது, உரிமையாளர் படிக்கவும் எழுதவும் இயலும். குழுவினர் படிக்க மட்டும் இயலும். பிறருக்கு எதுவும் இயலாது. பல கணினிகளில் ஒரே மாற்றத்தைச் செய்ய, இக்கட்டளைகள் ஷெல் ஸ்கிரிப்ட்டாக எழுதப்பட்டு 'சூடோ' வழியே இயக்கப்படுகின்றன.

இடர்கள்

"அனுமதி மறுக்கப்பட்டது" என்ற பிழைச்செய்தியைத் தவிர்க்க, அடைவு முழுமைக்கும் 777 என அனுமதி அளிக்கும் ஸ்கிரிப்ட்டுகள் உண்டு. இதனால் ஷேடோ கோப்பை எவரும் படிக்கவும் மாற்றவும் இயலும். மேலும், சூடோவின் விதிகளைக் கொண்ட 'சூடோயர்ஸ்' கோப்பில் எவரும் எழுதலாம் என்ற நிலை வந்தால், சூடோ இயங்க மறுக்கும். தவறைத் திருத்தும் வழியும் அடைபடும். அந்நிலையில் மீட்பு முறையிலோ நேரடிக் குறுவட்டிலோ கணினியைத் தொடக்கி, அக்கோப்பின் அனுமதியை 440 ஆக்க வேண்டும்.

முன்னெச்சரிக்கை

மாற்றத்துக்கு முன் 'கெட்எஃப்ஏசிஎல்' கட்டளையால் பழைய அனுமதிகளைத் தனிக் கோப்பில் சேமித்து வைத்தால், 'செட்எஃப்ஏசிஎல்' கட்டளையின் 'ரீஸ்டோர்' தெரிவைக் கொண்டு அவற்றை மீட்டெடுக்கலாம். தேவையான ஒரு கோப்பின் அனுமதியை மட்டும் மாற்றுவதே பாதுகாப்பானது.